ரப்பர் விறகு, இரட்டைக்கண் அடுப்பு: புகையில்லாமல் எரிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பளுகல், அருமனை, குலசேகரம், திருவட்டாறு என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் பல வீடுகளுக்கு இரண்டு அடுக்களை. உள்ளே கேஸ் அடுப்பு; பின்பக்கம் புகைக்குழாய் வைத்த விறகடுப்பு. சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), குளிக்க வெந்நீர் எல்லாம் பின்பக்கத்தில்தான். சுற்றிலும் ரப்பர் தோட்டம் என்பதால் விறகுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் "குழாய் வச்சும் புகை வீட்டுக்குள்ளதான் வருது" என்ற பேச்சு மட்டும் ஓய்ந்தபாடில்லை.

முதன்முதலாக விறகடுப்பைத் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். 1980களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய மாதிரியில் செங்கல் வைத்துக் கட்டிய அடுப்பானாலும், கடையில் வாங்கிப் பதிக்கும் இரும்புக் கதவுள்ள ஆலுவா அடுப்பானாலும் முறை ஒன்றுதான்.

புகை ஏன் வருகிறது

விறகு சூடானதும் முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். அதன்பின், 250 டிகிரியைத் தாண்டும்போது மரத்திலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்பும். அவை எரிந்தால் சுவாலை. எரியாமல் தப்பினால் புகை. நீங்கள் சுமந்து வந்து, கீறி, அடுக்கிய விறகில் ஒரு பங்குதான் அப்படிக் குழாய் வழியே வெளியேறுகிறது. வாயு எரிய இரண்டு வேண்டும்: சூடு, காற்று. ஈரம் சூட்டைத் தின்னும். அடுப்பு வாய் நிறையத் திணித்த விறகு காற்றை மறிக்கும். மற்ற சிக்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டின் பிள்ளைகள்.

வெட்டிய புதிதில் ஒரு கிலோ ரப்பர் விறகில் 400 கிராம் வரை தண்ணீர் இருக்கலாம். அதை ஆவியாக்கச் செலவாகும் சூட்டில் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பச்சை விறகு எரிக்கிறவர் தினமும் அந்தச் சூட்டை ஆகாயத்துக்குக் கொடுக்கிறார்.

விறகு: வேலை தை மாதத்தில் தொடங்குகிறது

இங்கே மழை இரண்டு தரம். ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. விறகு காயக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரை மட்டும். ஆனி மாதம் வாங்கி ஆடி மாதம் எரிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. மழைக்காலத்தில் அடுக்கிவைத்த பச்சை ரப்பர் காய்வதற்குப் பதிலாகப் பூசணம் பிடித்துக் கறுக்கும்.

1. கீறுதல். பச்சையாக இருக்கும்போதே கீறுங்கள். உருளையாகக் கிடக்கும் தடிக்குள் இருந்து ஈரம் வெளியேற ஆறு மாதம் கூடப் போதாது, பட்டைதான் தடை. கோடாலியால் நாலாகப் பிளந்து, பிறகு வெட்டுக்கத்தியால் ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். நீளம் ஒரு அடி முதல் ஒன்றரை அடி. வெந்நீர் அடுப்புக்கு மட்டும் இரண்டரை அங்குலம் வரை போகலாம்.

2. வெயில். முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டு அடுக்கி வெயிலில் விடுங்கள். கீறிய ரப்பர் இரண்டு மூன்று மாத வெயிலில் அடுப்புக்குத் தயாராகிவிடும். புளி, அயினி, பலா போன்றவற்றுக்கு இன்னும் நாள் எடுக்கும். ஆனால் அவை, முக்கியமாகப் புளி, நின்று எரிந்து நல்ல கனல் கொடுக்கும்.

3. விறகுப்புரை. மே கடைசிக்குள் கூரைக்கு அடியில் சேர்த்துவிட வேண்டும். தரையில் வெட்டுக்கல் போட்டு அரையடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் முழுக்க மூடாதீர்கள். மேலே மட்டும் மறைத்தால் போதும். விறகு எடுக்கும்போது முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். தேளும் பாம்பும் ஒதுங்குகிற இடம் அது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் உளு (மரத்தைப் பொடியாக்கும் வண்டு) சீக்கிரம் விழும். இரண்டு வருடம் சேர்த்து வைத்தால் பாதி பொடியாகி, கனமில்லாமல் ஓலை போலக் குபீரென்று எரிந்து தீர்ந்துவிடும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை மட்டும் சேருங்கள்.

காய்ந்ததா என்று பார்ப்பது எப்படி? வெட்டுவாயில் நடுவிலிருந்து கதிர் போல வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை நகத்துக்கே பெயர்ந்து வரும். இரண்டு துண்டுகளை மோதினால் 'டங்' என்று ஒலிக்கும். ஈரவிறகு 'தொப்' என்று மட்டும் சொல்லும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு துண்டில் அடையாளம் போட்டு, அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்த அடுக்கு காய்ந்துவிட்டது.

தென்னை கொடுப்பவை வேறு கணக்கு. கொதும்பும் (காய்ந்த பாளை மடல்) ஓலைச்சூட்டும் (சேர்த்துக் கட்டிய காய்ந்த ஓலை) பற்றவைக்க மட்டும். சிரட்டை சூடு அதிகம். ஒரு நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் போட்டால் சுவாலை அடுப்பு வாய்க்கு வெளியே வரும். கதம்பை (தேங்காய் மட்டை) நன்றாகக் காய்ந்திருந்தால் கனன்று கொண்டேயிருக்கும், வெந்நீருக்கு உகந்தது. ஈரக் கதம்பையைப் போல் வீட்டைப் புகைமூட்டமாக்குவது வேறில்லை.

அடுப்பில் போடக்கூடாதவை

அண்டித்தோடு, அதாவது முந்திரிக்கொட்டை ஓடு. கொல்லமாவு (முந்திரி) தோப்புக்கும் அண்டி ஆபீசுக்கும் (முந்திரி ஆலை) பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் எரியும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும் வகை. அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், குழாய்க்குள் தாராகப் படியும். சூளைக்கும் தொழிற்சாலைக் கொதிகலனுக்கும் போகட்டும், அடுக்களைக்கு வேண்டாம்.

ஒட்டுப்பாலை (உறைந்து காய்ந்த ரப்பர் பாலை) உருட்டி வைத்துத் தீ மூட்டுவது இங்கே பழக்கம். பற்றும், சந்தேகமில்லை. கூடவே கரும்புகையும் எண்ணெய்ப்பசையான கரியும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும். பிளாஸ்டிக் கவர், பிவிசி குழாய்த் துண்டு, பெயின்ட் அடித்த சட்டம், பிளைவுட் வெட்டுத்துண்டு, மருந்தேற்றிய ரப்பர் பலகை இவற்றையும் விலக்குங்கள். கேஸ் மிச்சம் என்று தொடங்கிய வேலை ஆஸ்பத்திரிச் செலவில் முடியக்கூடாது.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வரி: அணைந்தது போலிருக்கும் கனலில் ஊற்றினால் அது முதலில் ஆவியாகும், பிறகு மொத்தமாகப் பற்றும், முகம் அங்கேதான் இருக்கும்.

பற்றவைக்கும் முன்

அடுப்பின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விறகு வைக்கும் வாய், அதற்குள் இரும்புக் கம்பித்தட்டு, தட்டுக்குக் கீழே சாம்பல் அறை, மேலே முதல் கண், அதிலிருந்து சூடு போகும் வழி, இரண்டாம் கண், கடைசியில் புகைக்குழாய். கட்டைகளுக்குத் தேவையான காற்று சாம்பல் அறை வழியாகத்தான் கீழிருந்து ஏறுகிறது. அங்கே சாம்பல் நிறைந்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் பயனில்லை. எனவே தினமும் முதல் வேலை சாம்பல் வாருவது. கம்பித்தட்டு இல்லாத பழைய மண் அடுப்பானால் விரல் கனத்துக்குச் சாம்பலை விட்டுவிட்டு மீதியை எடுங்கள்.

புதிதாகக் கட்டிய அடுப்பென்றால் ஒரு வாரம் பத்து நாள் நிழலில் உலரவிட்டு, அதன்பின் மூன்று நான்கு நாள் காலையில் ஓலை மட்டும் கால்மணி நேரம் எரியுங்கள். முதல் நாளே சோறு வைத்தால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிச் சுவரை வெடிக்க வைக்கும்.

குழாயின் உள்விட்டம் குறைந்தது 4 அங்குலம். கூரையைத் துளைத்து வெளியே வந்த இடத்திலிருந்து 3 அடி உயரம், 10 அடிக்குள் இருக்கும் முகடு, சுவர் எதுவானாலும் அதைவிட 2 அடி மேலே. திருப்பம் வேண்டியிருந்தால் செங்குத்தாக மடக்காமல் சாய்வாகக் கொண்டுபோங்கள். ஓட்டுக்கூரை வீட்டில் கழுக்கோலும் பட்டியலும் மரம் என்பதை மறக்க வேண்டாம்: ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலம் இருக்க வேண்டும். அவ்வளவு இடமில்லையென்றால், சுற்றிலும் காற்றோட்டம் விட்டுப் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போடும் வேலையைத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

பற்றவைத்தல்

1. இரண்டு கண்களிலும் பாத்திரம் வையுங்கள். இரண்டாவதில் சமைக்க ஒன்றுமில்லையென்றால் தண்ணீர்ச் சருவம். கண் திறந்திருந்தால் குழாய் அடுப்பு வாயிலிருந்து இழுக்காமல் அந்த ஓட்டையிலிருந்து இழுக்கும்; புகை வாய் வழியே உங்கள் முகத்துக்கு வரும். பாத்திரம் கண்ணைவிடச் சிறிதானால் இரும்பு வளையம் போட்டு இடைவெளியை மூடுங்கள்.

2. மழைநாளில் குழாய்க்குள் குளிர்ந்த ஈரக்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு காய்ந்த ஓலைச்சூட்டைப் பற்றவைத்து, இரண்டாம் கண் வழியே குழாய்ப் பக்கமாக அரை நிமிடம் காட்டிவிட்டு, பாத்திரத்தைத் திரும்ப வையுங்கள். உள்ளே சூடேறியதும் இழுப்பு தொடங்கும்.

3. கம்பித்தட்டின் மேல் ஒரு பிடி சில்லாட்டை (தென்னை மட்டையின் அடியிலுள்ள வலைநார்) அல்லது கிழித்த கொதும்பு. அதன்மேல் பென்சில் கனச் சுள்ளி பத்துப் பன்னிரண்டு, குறுக்கும் நெடுக்குமாக. அதன்மேல் விரல் கனத்தில் கீறிய விறகு இரண்டு. முன்பக்கத்தில் தீ வையுங்கள்.

4. சுள்ளி எல்லாம் பிடித்து, மேலே வைத்த விறகின் ஓரம் சிவக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதுவரை கிளற வேண்டாம். அதன்பின் ஒன்றரை அங்குல விறகு இரண்டு. அவை பற்றியதும் மூன்றாவது.

ஊதுகுழலை எடுக்க வேண்டிய தேவை தொடர்ந்து வந்தால், விறகிலோ சாம்பல் அறையிலோ குறை இருக்கிறது.

எரியும்போது

மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு துண்டு. ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி. நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். சுவாலையின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட்டால் சரியான அளவு. பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியை நக்கினால் ஒரு துண்டை வெளியே இழுங்கள்.

பற்றவைத்துப் பத்து நிமிடம் கழித்து முற்றத்துக்கு வந்து குழாய் நுனியைப் பாருங்கள். அடுப்பின் உடல்நிலையைச் சொல்வது அதுதான். ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரிகிற மெல்லிய புகை போதும். கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் விறகில் ஈரம். கறுப்பாக வந்தால் விறகு கூடுதல், காற்று குறைவு.

புழுங்கலரிசிச் சோறுதான் விறகை அதிகம் கேட்பது. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்து அரிசி போட்டு மறுபடி கொதி வந்ததும், இரண்டு துண்டுகளை உருவிவிட்டு மூடி போடுங்கள். எவ்வளவு எரித்தாலும் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ ஆவியைத்தான் பெருக்கும், வேக்காட்டை அல்ல. சூடாறாப்பெட்டி இருக்கிறதா? பத்து நிமிடம் கொதித்ததும் பானையை அப்படியே அதற்குள் இறக்கி மூடினால் சோறு தானாக வெந்துவிடும், அடுப்பு வெந்நீருக்குக் காலி. பெட்டிக்குள் நீர் வற்றாது என்பதால் முதலிலேயே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்கு, ஒழுங்காக எரியும் புகைக்குழாய் அடுப்பில் ஏறத்தாழ 120 கிலோ காய்ந்த விறகு ஆகும். திறந்த மூன்று கல் அடுப்பில் அது 200 கிலோவை எட்டும். விலை கொடுத்து வாங்குகிறவர் உங்கள் ஊர் விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சொந்தத் தோட்டம் இல்லாதவர்களுக்கு எப்போதும் விறகு லாபம் என்று சொல்ல முடியாது.

அணைத்தல், கனல், சாம்பல்

அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான செங்கல் வெடிக்கும், ஆவியோடு சாம்பல் முகத்துக்கு எழும்பும். எரியும் கொள்ளிகளை இடுக்கியால் வெளியே இழுத்து, மணல் வைத்த தகரத் தொட்டியில் குத்தி அணையுங்கள். மீதிக் கனலை மூடியுள்ள இரும்புப் பானையில் போட்டு இறுக மூடினால் காற்றில்லாமல் அணைந்து கரியாகும். மறுநாள் பற்றவைக்க அது நல்ல முதல்.

கனலில் புகை இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது பெரிய தவறு. கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அப்படிப் புகையில்லாமல் கனலும் நேரத்தில்தான். நிறமில்லை, மணமில்லை. மார்கழிக் குளிருக்கோ பிள்ளைபெற்ற அறைக்குச் சூடு காட்டவோ கனல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது உயிரைப் பறிக்கும்.

சாம்பலுக்குள் கனல் ஒரு நாளுக்கு மேலும் ஒளிந்திருக்கும். வாரிய சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு வெளியே கொட்டுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்த்துத் தோட்டம் முழுக்கச் சருகாகக் கிடக்கும். அந்தச் சருகில் விழும் ஒரு கைச்சாம்பல் அடுத்த ஆளின் தோட்டத்தையும் சேர்த்து எரிக்கும். ஆறிய சாம்பல் தென்னைமூட்டுக்கு நல்லது. யூரியாவோடு மட்டும் கலந்து போடாதீர்கள், யூரியாவின் சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

குழாய் துப்புரவு

தினமும் எரிக்கும் அடுப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, கயிற்றின் நுனியில் சிறு கல்லையும் நடுவில் குழாய் கொள்ளும் அளவுக்குத் தென்னந்தும்பையும் கட்டி, மேலிருந்து இறக்கி ஏற்றி இழுங்கள். மூக்கு வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் ஓட்டின் மேல் ஏறாதீர்கள். விழும் கரி பொடியாக இருந்தால் நல்லது. பளபளவென்று தார் போல ஒட்டியிருந்தால் ஈரவிறகைக் காற்றில்லாமல் அவித்திருக்கிறீர்கள். அந்தத் தார் தானே பற்றி எரியக்கூடியது.

அப்படிப் பற்றினால் குழாய்க்குள் காற்று இரைவது போலச் சத்தம் கேட்கும், நுனியில் பொறி பறக்கும். அடுப்பு வாய்க் கதவையும் சாம்பல் அறையையும் அடையுங்கள், கண்களின் மேல் பாத்திரம் இருக்கட்டும், உள்ளே தெரியும் தீயின் மேல் மணலைப் போடுங்கள். குழாயில் தண்ணீர் அடிக்க வேண்டாம். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101க்கு அழையுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

புகை திரும்ப உள்ளே வருகிறது. முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கதவும் சன்னலும் சாத்திய அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், ஈடுகட்டும் காற்று குழாய் வழியாகத்தான் இறங்கும், புகையோடு. ஃபேனை நிறுத்தி, கதவைத் திறந்தாலே சரியாகிவிடும். அடுத்து சாம்பல் அறை, பிறகு குழாய் அடைப்பு. பல மாதம் சும்மா கிடந்த குழாயில் குளவிக்கூடும் பறவைக்கூடும் இருக்கும்.

காற்று வீசும் நாளில் மட்டும் புகை. குழாய் நுனி முகட்டுக்குக் கீழே இருக்கும், அல்லது பலாமரக் கிளை பக்கத்தில் சாய்ந்திருக்கும். ஒரு முழம் உயர்த்துங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று படும் தோவாளைப் பக்கத்து வீடுகளுக்கு, மொட்டைத் தொப்பியைவிட இருபக்கமும் திறந்த குறுக்குக்குழாய் நுனி நல்லது.

குழாய் மூட்டில் பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. ஈரவிறகின் ஆவி குளிர்ந்து இறங்குவது அது. மூட்டைச் சிமென்ட் வைத்து அடைத்து என்ன பயன்? விறகை மாற்றுங்கள்.

உள்சுவர் வெடிப்பு. சிமென்ட் பூச்சு நெருப்புச் சூட்டில் நொறுங்கும். சலித்த சாம்பலும் களிமண்ணும் சம அளவு, நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி சேர்த்துக் குழைத்து, வெடிப்பை நனைத்துவிட்டுப் பூசுங்கள்.

அடுக்களையில்

கேஸ் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே அறையில் வேண்டாம். கசியும் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுப்பு வாய்க்கு வரும். விறகை அடுப்பு வாயில் செருகிவைத்து இராத்திரி காயவைக்கும் பழக்கத்தை விடுங்கள். மிச்சச் சூட்டிலேயே நடுச்சாமத்தில் பற்றும். பரணில் காயவைப்பதானால் அடுப்புக்கு மூன்றடி மேலே, ஒரு நாள் விறகு மட்டும். அடுப்பு வாய்க்கு முன்னால் ஒன்றரை அடிக்கு ஓடோ தகரமோ பதியுங்கள், பொறி விழுந்தால் அங்கேயே அணையும். நைலான் நைட்டியும் தொங்கும் ஷாலும் அடுப்பங்கரைக்கு ஆகாது. பருத்தித் துணி, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வாளி மணல்.

தீக்காயம் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு, அல்லது உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றால் 108. எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே எண்தான்.